மோட்டார் வண்டியில் ஆம்பிளிபயருக்கு எர்த் அமைத்தல்

மின்சாரம் புறப்பட்ட இடத்திற்கே மீளுதல் வேண்டும் என்பது பௌதிக வகுப்பில் முதற்கண் கற்பிக்கப்படும் உண்மையாம். ஆயினும், மோட்டார் வண்டியில் ஆம்பிளிபயர் பூட்டுவோருட் பலர், மின்சாரம் செல்லும் சிவப்புக் கம்பியையே போற்றி, அது மீளும் கறுப்புக் கம்பியை அகப்பட்ட திருகாணியிற் சுற்றிவிடுகின்றனர். கேடு பெரும்பாலும் ஆங்கே பிறக்கின்றது.

இக்காலத்து வண்டிகளில் இரும்புடலே பாட்டரியின் எதிர்முனைக்கு மீளும் வழி. இதனை எர்த் என வழங்குதல் பொருந்தாப் பெயரேயாம். ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கும் வண்டிக்கும் பூமிக்கும் இவ்விஷயத்தில் யாதொரு தொடர்பும் இல்லை. பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றில் நேர்முனையே உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. அத்தகைய வண்டியில் கைவைப்போர் இதனை முன்னரே தெளிதல் நன்று.

ஸ்பீக்கர்களுக்கு 300 வாட் தரும் ஆம்பிளிபயர் ஒன்று டிக்கியில் இருப்பதாகக் கொள்வோம். அது ஏபி வகையினதாயின், பெறும் வலியில் ஏறக்குறையப் பாதி வெப்பமாய்க் கழியும். ஆகவே முழு முழக்கத்தில் 600 வாட் வேண்டும். எஞ்சின் ஓடுங்கால் 13.5 வோல்ட் கிடைப்பின், கம்பியில் 44 ஆம்பியர் ஓடும். இனி, எர்த் கம்பி வர்ணத்தின்மேலேயே திருகப்பட்டமையால் அப்பொருத்தில் 0.05 ஓம் தடை எழுந்ததென்க. மிகச் சிறிது என்பீர்! எனினும் 2 வோல்ட்டுக்கு மேல் அவ்விடத்தே வீணாகும். ஏறக்குறைய 100 வாட் வெப்பம் ஒரு திருகாணியின் தலையிற் குவியும். பாட்டு நைந்தொலிப்பதோடு, அருகிலுள்ள விரிப்பும் கருகக்கூடும்.

ஆதலின், வர்ணத்தைச் சுரண்டி வெள்ளிரும்பு தோன்றச் செய்து, நேர்க்கம்பிக்குப் பருமனிற் குறையாத கம்பியைக் குறுகிய நீளத்தில் இறுகப் பூட்டி, அதன் பின்னரே துருவேறாதபடி மேற்பூச்சிடுக. இருக்கை வாரின் ஆணியைத் தொடுதல் ஆகாது. அஃது உயிர்காக்கும் உறுப்பு. பாட்டு முழங்குகையில் ஆம்பிளிபயரின் எர்த் முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே வோல்ட்மீட்டரை வைத்துப் பார்ப்பின், பொருத்தின் தரம் விளங்கும். அரை வோல்ட் காட்டினும் மீண்டும் பிரித்துச் செய்தலே தக்கது.

எஞ்சினின் வேகத்தோடு ஏறியிறங்கும் ஊளையொலிக்கும் இதுவே பெரும்பாலும் காரணம். முன்னே ரேடியோவும் பின்னே ஆம்பிளிபயரும் வெவ்வேறிடத்தில் எர்த் செய்யப்பட, அவ்விரு இடங்களின் மின்னழுத்தம் சிறிது வேறுபடும். அவற்றை இணைக்கும் ஒலிக்கம்பியின் உறைவழியே ஆல்டர்னேட்டரின் அலைவு பாய்ந்து, பாட்டோடு தானும் பெருகி ஒலிக்கும்.

நேர்க்கம்பியைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். எஞ்சினறையின் தகட்டுத் துளையில் ரப்பர் வளையமின்றி நுழைக்கப்பட்ட கம்பி, நாளடைவில் உறை தேய்ந்து உடலைத் தொடின், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஆம்பிளிபயரிலுள்ள பியூஸ் அப்பாலிருப்பதால் அதனைத் தடுக்கமாட்டாது. பாட்டரியிலிருந்து ஒரு முழத்திற்குள் கம்பியின் பருமனுக்கேற்ற மற்றொரு பியூஸ் இருந்தாலன்றி வண்டியே எரியும். வேலை தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனையை முதலிற் கழற்றுக. நேர்முனையை முதலிற் கழற்றுங்கால் ஸ்பானர் வண்டியின் உடலைத் தொடின் தீப்பொறி பறக்கும்.