பெயர் சொன்னால் கணினி தெரிய வேண்டும்

கணினி ஆய்வகத்தில் "சர்வர் திறக்கவில்லை" என்று மாணவர்கள் சொன்னதும் பழுது பார்ப்பவரை அழைக்கிறோம். அவர் வரும்வரை பாடவேளைகள் வீணாகின்றன. பல நேரங்களில் கம்பியும் கணினியும் நன்றாகவே இருக்கும். பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில்தான் பிழை இருக்கும். இதை நாமே சரிசெய்யலாம்.

கணினிகள் ஒன்றையொன்று ஐபி எண்ணால் அறிகின்றன. நமக்குப் பெயர்தான் எளிது. எங்கள் ஆய்வகக் கணினிகளுக்குப் பேரருவி, ஐந்தருவி, புலியருவி எனக் குற்றால அருவிகளின் பெயர்களையே வைத்துள்ளோம். பேரருவிதான் சர்வர். பாஸ், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்கள் பெயரை முதலில் ஈடிசி கோப்புறையின் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் தேடும்; அங்கே இல்லையெனில் டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். இந்த வரிசையைச் சொல்வது 'என்எஸ்சுவிட்ச்.கான்ஃப்' கோப்பு.

சோதிக்கும் முறை:

1. சர்வரில் 'ஐபி ஏ' கட்டளை கொடுத்து அதன் இன்றைய எண்ணைக் குறியுங்கள். மாணவர் கணினியிலிருந்து அந்த எண்ணுக்கு 'பிங்' கொடுங்கள். பதில் வராவிட்டால் கம்பியையும் சுவிட்சையும் முதலில் பாருங்கள்.

2. பதில் வந்தால், 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' கட்டளையுடன் சர்வரின் பெயரைக் கொடுங்கள். வரும் எண் வேறாக இருந்தாலோ எதுவும் வராவிட்டாலோ, ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்துங்கள். முதலில் எண், பிறகு இடைவெளி விட்டுப் பெயர். 'என்எஸ்லுக்அப்' இக்கோப்பைப் பார்க்காமல் நேரே டிஎன்எஸ்ஸைக் கேட்கும். அதன் விடையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

3. வெளித் தளங்களின் பெயர்கள் மட்டும் கிடைக்காவிட்டால், நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் எண்ணைச் சரிபாருங்கள். 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பில் நேரடியாக எழுதுவது பல கணினிகளில் நிலைக்காது.

4. கணினியின் பெயரை மாற்றியபின் 'சுடோ' எச்சரித்தால், ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 என்ற வரியில் பழைய பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாரல் காலத்தில் மின்சாரம் போய் வரும்போது ரவுட்டர் சர்வருக்குப் புதிய எண் வழங்கிவிடக்கூடும். ஹோஸ்ட்ஸ் கோப்பிலோ பழைய எண்ணே இருக்கும். ரவுட்டரில் சர்வருக்கென ஓர் எண்ணை நிலையாக ஒதுக்கிவிட்டால் இத்தொல்லை தீரும்.

இதையே ஒரு செயல்பாடாகவும் நடத்தலாம். ஹோஸ்ட்ஸ் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு, ஒரு கணினியில் எண்ணை மாற்றிவிடுங்கள். நான்கு பேர் கொண்ட குழு, ஒவ்வொரு படியிலும் கிடைத்த விடையை நோட்டில் எழுதியபடி பிழையைக் கண்டுபிடிக்கட்டும். ஊகிக்காமல் ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கும் பழக்கம் அறிவியல் பாடத்துக்கும் உதவும்.