கிணற்று நீச்சல் கடலுக்கு உதவாது

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. 2019 நவம்பர் 26 அன்று புதிய மாவட்டம் நடைமுறைக்கு வந்தபோது மரக்காணம் பக்கத்துக் கடல் விழுப்புரத்தோடு நின்றுவிட்டது; கல்வராயன் மலை நம் பங்குக்கு வந்தது. மலையில் இறங்கும் நீர்கூட கோமுகி, மணிமுத்தாறு வழியாக வெள்ளாற்றில் சேர்ந்து, கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில்தான் கடலைப் பார்க்கிறது. ஆகவே விடுமுறை என்றால் சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் வேன் பிடித்து, தேவனாம்பட்டினத்துக்கோ புதுச்சேரிக்கோ குடும்பத்தோடு கிளம்புகிறோம். இதில் தவறேதும் இல்லை. கிணற்றையும் ஏரியையும் வைத்துக் கடலை எடைபோடுகிறோமே, அதுதான் தவறு.

“எனக்கு நீச்சல் தெரியும், கடல் என்னை என்ன செய்யும்?” என்பது நம் தவறான நம்பிக்கைகளில் முதலாவது, அதிக உயிர்களைக் கேட்பதும் இதுதான். இடுப்பில் சுரைக்குடுக்கையோ லாரி டியூபோ கட்டிக்கொண்டு கிணற்றில் கற்ற நீச்சல் நிற்கும் தண்ணீருக்கானது. கடலில் அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் நீர் திரும்பிப் போயாக வேண்டும். கரையோர மணல் திட்டுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால், அத்தனை நீரும் அந்தக் குறுகிய வழியில் கடலுக்குள் பாயும். அதன் வேகம் சில நேரங்களில் நொடிக்கு 2.5 மீட்டரைத் தொடும். ஒலிம்பிக் நீச்சல் வீரரின் வேகமே அதைவிடக் குறைவு. இந்த நீரோட்டம் ஆளை அடியில் இழுப்பதில்லை, கரையைவிட்டு வெளியே தள்ளுகிறது. மாட்டிக்கொண்டவர் பதறி நேராகக் கரையை நோக்கி நீந்துகிறார். நீந்தத் தெரிந்தவர் இன்னும் பிடிவாதமாக நீந்துகிறார். கை ஓய்ந்ததும் மூழ்குகிறார். செய்ய வேண்டியது வேறு: மிதக்க வேண்டும், கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட இடத்தில் அலையோடு திரும்ப வேண்டும். தப்பித்தவர்கள் மட்டுமே ஊருக்கு வந்து கதை சொல்வதால், கிணற்று நீச்சலின் பெருமை குறையாமல் நிற்கிறது.

இதன் உடன்பிறப்பு, “அலை அடிக்காத இடம்தான் பிள்ளைகளுக்கு நல்லது” என்பது. இரு பக்கமும் அலை நுரைத்து உடைய, நடுவே மட்டும் அமைதியாகவும் சற்றுக் கலங்கலாகவும் தெரியும் பட்டை பெரும்பாலும் நீர் திரும்பிப் போகும் வழி. பாசத்தோடு தேடிப் பிடித்து, குழந்தையை அங்கேதான் இறக்குகிறோம். “போன வருஷமும் இங்கேதான் குளித்தோம்” என்ற சமாதானமும் செல்லாது. மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. 1980களின் இறுதியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்தபின் புதுச்சேரி நகரக் கடற்கரை தன் மணலையே இழந்து கற்கரையாக நின்றதை நாம் பார்த்தவர்கள்தானே.

வானம் தெளிவாக இருந்தால் கடலும் சாதுவாக இருக்கும் என்று நம்புகிறோம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை கொண்டுபோனது. அந்த நாட்களில் இருந்தது ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை. தெற்கே வெகு தொலைவில் வீசும் புயல் எழுப்பும் நெடிய அலைகள், உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாமலே இங்கே வந்து கரையேறும். ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது. ஓட்டல் அறை வாடகையை நான்கு இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் நாம், இந்த அறிவிப்பைப் பார்ப்பதில்லை.

காற்றடைத்த டியூப் பாதுகாப்பு என்பதும் பாதி உண்மைகூட இல்லை. காலையில் நிலத்திலிருந்து கடல் பக்கம் காற்று வீசும்போது, டியூபோடு குழந்தையும் உள்ளே நகரும். பீர் குடித்தால் போதை ஏறாது என்று சொல்லிக்கொண்டு இறங்குபவர்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அவர்கள் இறங்கவே கூடாது.

“மூழ்குகிறவன் கத்துவான், மூன்று தடவை தலை தெரியும்.” யார் எண்ணிப் பார்த்தார்களோ! மூச்சுக்கே போராடுபவருக்குக் குரல் வராது. கையை உயர்த்தி ஆட்டவும் முடியாமல், நீரை அழுத்தித் தலையை மேலே வைக்கவே அவர் முயல்வார். ஒரு முறைகூட மேலே வராமலும் போகலாம். பக்கத்தில் நின்று கைபேசியில் படம் பார்ப்பவருக்கு எதுவும் கேட்காது. குழந்தை கை எட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். அடுத்த விபரீதம், ஒருவரைக் காப்பாற்ற அப்பா, அண்ணன், மாமா என்று வரிசையாகக் குதிப்பது. ஒரு சாவு ஒரே வீட்டில் மூன்று சாவாவது இப்படித்தான். கயிறு, காலி கேன், டியூப் என மிதப்பது எதையாவது எறியுங்கள், மீனவர்களைக் கூப்பிடுங்கள்.

கரையேற்றியபின் நடப்பது இன்னும் மோசம். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுகிறார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கிறார்கள். சினிமாவில் கதாநாயகன் வயிற்றை அமுக்கியதும் நாயகி வாயிலிருந்து நீர் பீய்ச்சியடித்து, அவர் கண் விழிக்கிறார் அல்லவா, அதில் கற்றுக்கொண்ட வைத்தியம் இது. வயிற்றை அமுக்கினால் உள்ளிருப்பது வாந்தியாக மேலேறி மூச்சுக்குழலுக்குள் போகும். உயிர் போவது வயிற்றில் தண்ணீர் இருப்பதால் அல்ல, மூளைக்குப் பிராணவாயு கிடைக்காததால். மூச்சு இல்லையென்றால் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். பிறகு மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. மற்றொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். கண் விழித்தவரையும் அப்படியே வேனில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவரக் கூடாது. நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மோசமாகலாம், மருத்துவமனையில் காட்டியாக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு மரணம் நிகழ்ந்தால், “அந்த இடம் வருஷத்துக்கு ஒரு காவு வாங்கும்” என்று முடித்துவிடுகிறோம். கோமுகி அணையானாலும் மலையருவிக் கசமானாலும் கடலானாலும் இதே பேச்சுதான். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் சாவு நடக்கிறதென்றால் அங்கே ஆற்று முகத்துவாரமோ, மணல் திட்டின் இடைவெளியோ, கற்சுவரை ஒட்டிய இழுப்போ இருக்கிறது என்று பொருள். காவு என்று சொன்னதும் எச்சரிக்கைப் பலகை ஏன் இல்லை, காவலர் ஏன் இல்லை என்ற கேள்விகள் எழாமல் போகின்றன. யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அதனால்தான் இந்த நம்பிக்கைக்கு ஆயுள் அதிகம். அதன் விலையை அடுத்த வாரம் வேறொரு ஊர் வேன் கொடுக்கிறது.

புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் சென்னை அருகே கோவளமும் 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றவை. உயிர்காப்பாளர்களோ உயிர்காப்புக் கருவிகளோ இருக்க வேண்டும் என்பது அந்தச் சான்றின் நிபந்தனைகளில் ஒன்று. குளிக்கத்தான் வேண்டுமென்றால் உயிர்காப்பாளர் கண்ணில் படும் இடத்தில் குளியுங்கள், அவர் விசில் ஊதினால் வாதாடாமல் ஏறுங்கள். வேறு கரைகளில், இறங்குமுன் வலை பிரிக்கும் மீனவரிடம் “இன்றைக்கு இழுப்பு எப்படி?” என்று கேளுங்கள். கடலோரக் காவல் உதவிக்கு எண் 1093. வேன் புறப்படுமுன் எல்லார் கைபேசியிலும் அதைப் பதிந்துகொள்ளுங்கள்.