ஏற்காட்டிலிருந்து கடல் தாண்ட: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வெளிநாட்டுப் பயணம் என்று பேச்செடுத்தாலே, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வரும் பதில் ஒன்றுதான்: "பிள்ளை கொஞ்சம் பெரிசாகட்டும்." ஏற்காட்டிலும் சேர்வராயன் மலையின் மற்ற ஊர்களிலும் இதற்குக் கூடுதலாக ஒரு காரணமும் சொல்வார்கள்: மலையிலிருந்து இறங்கி, சேலம் போய், அங்கிருந்து வேறு ஊர் விமான நிலையத்தைப் பிடிப்பதற்குள்ளேயே குழந்தை சோர்ந்துவிடும் என்பார்கள். செலவும் சிரமமும் குழந்தையால்தான் கூடுகின்றன என்ற நம்பிக்கையை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் வேறு கணக்கு வருகிறது. புறப்படும் மாதம், குழந்தையின் பிறந்த நாள், எத்தனை இடம் மாறுகிறோம் என்பவையே பெரும்பாலான செலவைத் தீர்மானிக்கின்றன. இந்த மூன்றிலும் இன்னும் பள்ளியில் சேராத குழந்தை உள்ள குடும்பத்துக்கு வசதி அதிகம்.

நம்பிக்கை 1: மலைப்பாதையிலேயே வாந்தி எடுக்கும் பிள்ளை விமானத்தைத் தாங்காது.

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் பொதுவாக 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. அதாவது, மலையில் வளரும் குழந்தைக்கு அந்த அழுத்தம் முற்றிலும் புதியதல்ல. சேலத்துக்கு இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறக்குறைய 1,200 மீட்டர் இறங்குகிறோம். அப்போது காது அடைப்பதும் விமானம் தரையிறங்கும்போது காது வலிப்பதும் ஒரே காரணத்தால்தான். வெளியே அழுத்தம் கூடுகிறது, தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் உடனே திறப்பதில்லை. விழுங்கினால் திறக்கும். அதனால் இறங்கத் தொடங்கியதும் தாய்ப்பாலோ பாட்டில் பாலோ கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் குழந்தையைத் தூங்கவிடாமல் இருப்பது நல்லது. வாந்தி வேறு விஷயம். பயணக் குமட்டல் இரண்டு வயதுக்குள் அரிது. அதன் பிறகு தொடங்கி பன்னிரண்டு வயதுவரை அதிகமாக இருக்கும். ஆக, பெரிசாகட்டும் என்று காத்திருப்பது இந்த ஒரு விஷயத்தில் எதிர்ப்பலன்தான். வளைந்து வளைந்து இறங்கும் சாலையைவிட நேராகப் பறக்கும் விமானம் வயிற்றுக்கு இதமானது. சளி, காதுத் தொற்று, இதயம் அல்லது நுரையீரல் கோளாறு உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரின் சம்மதம் இல்லாமல் டிக்கெட் எடுக்கக் கூடாது.

நம்பிக்கை 2: மடியில் உட்காரும் குழந்தைக்குச் செலவே இல்லை.

இது எதிர்ப்பக்கத்துத் தவறு. சர்வதேச விமானங்களில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கிடையாது, ஆனால் கட்டணம் உண்டு: வழக்கமான நிறுவனங்களில் பெரியவர் கட்டணத்தில் சுமார் பத்து சதவீதமும் வரிகளும், மலிவு விலை நிறுவனங்களில் ஒரு நிலையான தொகை. வயதை டிக்கெட் எடுக்கும் நாளில் பார்ப்பதில்லை, பறக்கும் நாளில் பார்க்கிறார்கள். போகும்போது ஒன்றே முக்கால் வயதாக இருந்து, அங்கே இருக்கையில் இரண்டு முடிந்துவிட்டால், திரும்பும்போது இருக்கை வாங்கித்தான் ஆக வேண்டும். மலிவு விமானங்களில் இரண்டு வயதுக்கு மேல் கிட்டத்தட்ட முழுக் கட்டணம். குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய், எட்டு வயதுக்குள் பத்து சதவீதம் தள்ளுபடி. அந்தப் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். பல நாடுகள் ஆறு மாதம் மீதம் கேட்பதால், நடைமுறையில் நாலரை ஆண்டு என்று வைத்துக்கொள்வது நல்லது.

விசாவில்தான் உண்மையான வித்தியாசம். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் 45. ஆறு வயதுக்குள் இலவசம். அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்குப் பிறந்த குழந்தைக்கும் 185 டாலர், அப்பாவுக்கும் 185 டாலர். சிங்கப்பூர் விசாவுக்கு ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர், ஏஜெண்ட் கட்டணம் தனி. மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறது. அங்கே போகக் குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் இணையவழி வருகை அட்டை மட்டும் நிரப்பினால் போதும். டிக்கெட்டில் தள்ளுபடி தேடி அலைவதைவிட, நாட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் நால்வர் கொண்ட குடும்பத்துக்குக் கணிசமாக மிச்சமாகும்.

நம்பிக்கை 3: லீவு விட்டால்தான் போக முடியும், அதனால் மே மாதம்தான்.

மே மாதம் விலை என்ன ஆகும் என்று ஏற்காட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று ஊர் நிரம்பும்போது லாட்ஜ் வாடகை ஏறுவதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். விமான டிக்கெட்டும் அதே விதியில்தான் ஓடுகிறது. மேலும், அறை வாடகைக்கு விடுபவருக்கும் கடை வைத்திருப்பவருக்கும் மே மாதம்தான் வருமானம். சேர்வராயன் கோயில் திருவிழாவும் அந்த மாதத்தில்தான். நவம்பரிலிருந்து காப்பி அறுவடை, அதை ஒட்டி மிளகு. தோட்ட வேலை கொஞ்சம் ஓயும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் பலருக்குக் கை காலி. பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் அந்தக் காலம் அடைபட்டுவிடும். மூன்று வயதுக் குழந்தை மட்டும் இருந்தால் திறந்திருக்கும். அந்த மாதங்களில் மழை என்ற ஆட்சேபம் நியாயமானது, ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. தென்மேற்குப் பருவமழை இலங்கையின் மேற்கையும் தெற்கையும் நனைக்கும்போது, திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் பக்கம் பெரும்பாலும் வெயில்தான்.

நம்பிக்கை 4: பெரிய ஊர் விமான நிலையத்தில்தான் டிக்கெட் மலிவு.

சேலம் விமான நிலையத்திலிருந்து உள்நாட்டு விமானங்கள்தான். சர்வதேச விமானம் பிடிக்கச் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடுகிறவர்கள், சேலத்திலிருந்து சுமார் 140 கிலோமீட்டரில் இருக்கும் திருச்சியை மறந்துவிடுகிறார்கள். 2024 ஜனவரியில் புதிய முனையம் திறக்கப்பட்ட அங்கிருந்து கொழும்பு சுமார் ஒரு மணி நேரம். கோலாலம்பூரும் சிங்கப்பூரும் நாலு மணி நேரம். சென்னையில் டிக்கெட் தலைக்கு இரண்டாயிரம் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். நால்வருக்கு எட்டாயிரம். அதைப் பிடிக்க 340 கிலோமீட்டர் கார் வாடகை, நடுராத்திரிப் பயணம், ஒரு நாள் தங்கல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பலும் உண்டு. ஆனால் அது ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. பயணமும் சில மணி நேரம். குமட்டல் வயதில் உள்ள பிள்ளைக்கு அலை விமானத்தைவிடக் கடினம்.

நம்பிக்கை 5: ஏழு நாளில் மூன்று நாடு காட்டும் பேக்கேஜே லாபம்.

நாளுக்கு எவ்வளவு என்று வகுத்தால் மலிவாகத்தான் தெரியும். இடம் மாறும் ஒவ்வொரு நாளும் டாக்சி, வெளிச் சாப்பாடு, தூக்கம் கெட்ட குழந்தை எல்லாம் சேர்ந்து வருகிறது. ஒரே ஊரில், சமைக்க அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் உள்ள வீட்டில் ஆறு நாள் தங்குவது பெரும்பாலும் குறைவில் முடியும். ரசம் சாதம் ஊட்ட முடிகிற வீட்டில் குழந்தைக்கு வயிற்றுக் கோளாறு வரும் வாய்ப்பும் குறையும். சிங்கப்பூரில் 0.9 மீட்டருக்குக் கீழ் உயரமுள்ள குழந்தை, பெரியவருடன் ரயிலிலும் பேருந்திலும் இலவசமாகப் போகலாம். அங்குள்ள தாவரவியல் பூங்காவுக்கும் அதற்குள் இருக்கும் குழந்தைகள் தோட்டத்துக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. கோலாலம்பூரில் பத்துமலைக்குப் புறநகர் ரயிலே போகிறது. ஆனால் முருகனைப் பார்க்க 272 படி ஏற வேண்டும், தள்ளுவண்டி உதவாது, இடுப்பில் தூக்கத்தான் வேண்டும். இப்படி ஒரு காலைக்கு ஒரு இடம் என்று வைத்துக்கொண்டால் போதும். பேக்கேஜ் எடுத்தவர்கள் அதோடு வசூலிக்கப்படும் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) தொகையைப் போன பணமாக எண்ண வேண்டாம். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், திருப்பித் தரும்படியும் கேட்கலாம்.

கடைசி ஆட்சேபம் ஒன்று மிச்சம்: மூன்று வயதில் பார்த்தது பிள்ளைக்கு நினைவிருக்காதே? இருக்காதுதான். பெரும்பாலோரின் முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதில்தான் தொடங்குகிறது. ஆனால் காப்பித் தோட்டத்திலும் கடையிலும் ஆண்டு முழுக்க நிற்கும் அப்பா அம்மாவுக்கும், மலேசியாவில் உறவு வைத்திருக்கும் பாட்டிக்கும் நினைவிருக்கும். பயணம் முழுக்கக் குழந்தைக்காக என்று வைத்துக்கொள்வதால்தான் இந்தக் கேள்வியே பெரிதாகிறது. கடன் வாங்கினால்தான் போக முடியும் என்ற நிலை இருந்தால், தாராளமாகத் தள்ளிப்போடலாம். அது பணத்துக்காகக் காத்திருப்பது. பணம் சேர்ந்த பிறகும் பிள்ளையின் வயதைச் சொல்லித் தள்ளிப்போடும் குடும்பம், மலிவான மாதங்களைக் கைவிட்டுவிட்டு, நான்கு முழு டிக்கெட்டோடு மே மாதக் கூட்டத்தில் போய் நிற்கும்.