கேபிள் வாங்கும் முன் டிவிக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள்

கேம் கன்சோலுக்குக் கேபிள் வாங்கப் போகிறவர்கள் கடையில் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: "நல்ல கேபிளா குடுங்க." கடைக்காரரும் தடிமனாக, மேலே நூல் பின்னி, முனையில் தங்க நிறம் மினுங்கும் ஒன்றை எடுத்து வைப்பார். வீட்டில் இருப்பது எந்தக் கன்சோல், எந்த டிவி என்று இருவருமே பேசிக்கொள்வதில்லை.

மதுரையில் சில ஆண்டுகள் சின்னதாக ஒரு கேம் சென்டர் நடத்தியவன் நான். பிஎஸ்2 காலத்தில் திறந்தேன். பிஎஸ்3-ம் வந்து போனது. பிறகு பையன்கள் போனிலேயே விளையாட உட்கார்ந்துவிட்டதால் ஷட்டரை இறக்கினேன். இன்றும் பழைய வாடிக்கையாளர் வீட்டில் புதுக் கன்சோல் வந்தால் எனக்குத்தான் போன் வரும். நான் சொல்வது இதுதான். கேபிள் படத்தை உண்டாக்குவதில்லை, கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவே. கன்சோல் அனுப்புவதிலும் டிவி வாங்கிக்கொள்வதிலும் எது குறைவோ, அதுதான் திரையில் தெரியும். அந்த அளவைத் தாங்காத கேபிள் தொல்லை. அதைவிட அதிகம் தாங்குகிற கேபிளுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண்காசு.

பரணில் கிடக்கும் பிஎஸ்2-வை இறக்கிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்படும் அப்பாக்கள் இப்போது அதிகம். அதனால் பழையதிலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பெட்டியோடு வந்தது மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்று பின் கொண்ட ஏவி கேபிள். வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. படம் முழுவதும், அதாவது வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து, மஞ்சள் ஒயர் ஒன்றிலேயே போகிறது. டிவிதான் அதை மறுபடி பிரித்தெடுக்க வேண்டும். பிரிக்கும்போது ஓரங்களில் நிறம் கசியும், எழுத்துகள் நடுங்கும். 21 அங்குல டியூப் டிவியில் இது யார் கண்ணையும் உறுத்தியதில்லை. 55 அங்குல எல்இடி டிவியில் அதையே பார்த்துவிட்டு, "இவ்வளவு மோசமாவா விளையாடினோம்?" என்று கேட்கிறார்கள். கன்சோல் அப்படியேதான் இருக்கிறது. பெரிய திரையில் குறை பெரிதாகத் தெரிகிறது.

இதற்கு மாற்று காம்பொனன்ட் கேபிள். பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் படத்துக்கு. வெள்ளையும் இன்னொரு சிவப்பும் சத்தத்துக்கு. இரண்டு சிவப்பு இருப்பதால் இடம் மாற்றிச் சொருகுவது சகஜம். படத்துக்கான மூன்றும் ஒரு கொத்தாக ஒட்டியிருக்கும், அதைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். பிஎஸ்1, பிஎஸ்2, பிஎஸ்3 மூன்றின் பின்னாலும் ஏவி கேபிள் செருகும் வாய் ஒன்றேதான். அதனால் பிஎஸ்3-க்கு என்று விற்கும் காம்பொனன்ட் கேபிள் பிஎஸ்2-விலும் வேலை செய்யும். பிஎஸ்1-இல் அந்த சிக்னலே கிடையாது. மாற்றுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. மஞ்சள் கேபிள் இருக்கும்போதே பிஎஸ்2-வின் சிஸ்டம் கான்ஃபிகரேஷனுக்குள் போய், காம்பொனன்ட் வீடியோ அவுட் என்பதை ஆர்ஜிபி-யிலிருந்து மற்றதற்கு மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் நிறமெல்லாம் தாறுமாறாக வரும், புதுக் கேபிளைக் குறை சொல்லிக் கடைக்குத் திருப்பிக்கொண்டு ஓடுவீர்கள்.

ஆனால் புது டிவிகள் பலவற்றில் காம்பொனன்ட் துளைகளே இல்லை. 'ஏவி இன்' என்று எழுதிய ஒற்றைத் துளைதான் இருக்கும், ஹெட்போன் பின் போகிற அளவில். அதற்கான குட்டை ஒயர் டிவி பெட்டியிலேயே வந்திருக்கும், தேடிப் பாருங்கள். பழைய ஹேண்டிகேமின் ஒயரும் அதே அளவில்தான் இருக்கும். ஆனால் உள்ளே வளையங்களின் வரிசை வேறாக இருக்கலாம். படம் வராமல் இரைச்சல் மட்டும் வந்தால் மஞ்சளைச் சிவப்பில் சொருகிப் பாருங்கள், பல நேரம் படம் வந்துவிடும். இன்னும் சில டிவிகளில் பச்சைத் துளையே மஞ்சளுக்கும் பொது. அதில் மஞ்சளைச் சொருகிவிட்டு சோர்ஸில் காம்பொனன்ட் என்று தேர்ந்தெடுத்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும். ஏவி என்று மாற்றினால் நிறம் திரும்பிவிடும்.

டிவியில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் கன்வர்ட்டர் டப்பா வேண்டும். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். போன மாதம்கூட ஒரு தம்பி கூப்பிட்டான்.

"அண்ணே, கன்வர்ட்டர் வாங்கிட்டேன். லைட் எரியுது, படம் வரல."

"டப்பா மேல என்னடா எழுதியிருக்கு?"

"எச்டிஎம்ஐ டு ஏவின்னு போட்டிருக்குண்ணே."

அது புதுக் கன்சோலை டியூப் டிவியில் மாட்டுவதற்கானது. அவனுக்கு வேண்டியது ஏவி டு எச்டிஎம்ஐ. இரண்டும் ஒரே அளவு, ஒரே தோற்றம், ஒரே இடத்தில் தொங்கும். ஒன்றை மற்றதாகத் திருப்பிப் பயன்படுத்த முடியாது. சரியானதை வாங்கினாலும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மலிவு டப்பாக்கள் பலவும் படத்தை அகலமாக இழுத்து எல்லாரையும் குண்டாக்கிவிடும், டிவியில் 4:3 என்று வைத்துச் சரிசெய்யலாம். பட்டன் அழுத்துவதற்கும் திரையில் அடி விழுவதற்கும் இடையே சிறு தாமதமும் சேரும். கிரிக்கெட் விளையாட்டில் பந்து தாண்டிப் போன பிறகு மட்டை சுழலும். டெக்கன் மாதிரி சண்டை கேம் விளையாடுகிறவர்கள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் பிஎஸ்2-வுக்கு இன்றும் உகந்தது பழைய டியூப் டிவியும் அந்த மஞ்சள் ஒயருமே.

பிஎஸ்3-ஐ ஏவியிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றித் திரை இருட்டாக இருந்தால் பயப்பட வேண்டாம். அது கடைசியாக இருந்த வழியிலேயே படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். அணைத்துவிட்டு, பவர் பட்டனை இரண்டாவது 'பீப்' வரும்வரை அழுத்திப் பிடித்தால் புதுக் கேபிளைக் கவனிக்கும்.

இனி எச்டிஎம்ஐ. பெட்டிமேல் '2.1 கேபிள்' என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். எண் துளைகளுக்கு உரியது, கேபிளுக்கு முறையான பெயர்கள் வேறு. ஹை ஸ்பீட் கேபிள் 1080பி படத்துக்குப் போதும். பிஎஸ்3-க்கும் சாதாரண பிஎஸ்4-க்கும் முதல் நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கும் அதற்கு மேல் தேவையே இல்லை. பிரீமியம் ஹை ஸ்பீட் வினாடிக்கு 18 கிகாபிட் தாங்கும், 4கே படம் 60 ஹெர்ட்ஸில் ஓட அது வேண்டும். அல்ட்ரா ஹை ஸ்பீட் 48 கிகாபிட் தாங்கும், 4கே 120 ஹெர்ட்ஸ் அதில்தான் ஓடும். பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-க்கும் அந்த அல்ட்ரா கேபிள் பெட்டியிலேயே வருகிறது. அதை ஓரமாக வைத்துவிட்டு ஆயிரக்கணக்கில் கொடுத்து வேறொன்று வாங்கி மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் டிவியோ 60 ஹெர்ட்ஸ்.

கேபிளைவிடத் துளை முக்கியம். 120 ஹெர்ட்ஸ் டிவியாக இருந்தாலும் நான்கு எச்டிஎம்ஐ துளைகளும் அதைத் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். சோனி டிவிகள் பலவற்றில் 3, 4 என்ற இரண்டு மட்டுமே தாங்கும். அதிலும் 3-ஆவதுதான் சவுண்ட்பார் மாட்டும் ஈஆர்க் துளை. சவுண்ட்பார் இருந்தால் கன்சோலுக்கு மிஞ்சுவது 4-ஆவது மட்டுமே. கன்சோலைச் சவுண்ட்பார் வழியாக டிவிக்குக் கொண்டுபோவதையும் தவிருங்கள், அது பழையதாக இருந்தால் படத்தின் தரம் அங்கேயே குறைந்துவிடும். சரியான துளையில் சொருகிய பிறகு டிவியின் செட்டிங்கையும் திறந்துவிட வேண்டும். சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மட், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் அல்ட்ரா எச்டி டீப் கலர் என்று பெயர் மாறும், வேலை ஒன்றே. இது அணைந்திருந்தால் எந்தக் கேபிளைப் போட்டாலும் முழுத் தரம் வராது. கேம் மோடையும் போட்டுவிடுங்கள், தாமதம் குறையும்.

விலை உயர்ந்த கேபிளில் நிறம் பளிச்சென்று வரும் என்பது மஞ்சள் ஒயர் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட நம்பிக்கை. எச்டிஎம்ஐ-யில் போவது டிஜிட்டல் சிக்னல். கேபிள் தாங்கவில்லை என்றால் படம் மங்காது. திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், இரண்டு வினாடி இருட்டாகித் திரும்பும், சத்தம் வெட்டும். இவை எதுவும் இல்லை என்றால் உங்கள் கேபிள் சரியாகவே இருக்கிறது. பிஎஸ்5-இல் இப்படி இருட்டடித்தால் ஸ்கிரீன் அண்ட் வீடியோ செட்டிங்கில் 4கே வீடியோ டிரான்ஸ்ஃபர் ரேட்டை -1 அல்லது -2 என்று குறைத்துப் பாருங்கள். குறைத்ததும் சரியானால் கேபிளையோ துளையையோ சந்தேகிக்கலாம்.

புதிதாக வாங்கியே ஆகவேண்டும் என்றால் பெட்டிமேல் கியூஆர் கோடுடன் சான்று ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ அமைப்பின் செயலியில் ஸ்கேன் செய்தால் அது உண்மையானதா என்று தெரிந்துவிடும். நீளம் குறைவாக இருப்பது நல்லது. 48 கிகாபிட்டைச் செம்புக் கம்பியில் மூன்று மீட்டருக்கு மேல் கொண்டுபோவது சிரமம். சுவருக்குள் பைப் வழியாக நீளமாக இழுப்பவர்கள் ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்கலாம். அதற்குத் திசை உண்டு. சோர்ஸ் என்று எழுதிய முனை கன்சோலுக்கு, டிஸ்ப்ளே என்று எழுதியது டிவிக்கு. சுவரைப் பூசிய பிறகு மாற்ற முடியாது.

கேம் சென்டரில் கேபிள்கள் நடுவில் அறுந்ததில்லை. பின்னும் ஒயரும் சேரும் கழுத்தில்தான் செத்தன. எப்போதும் பின்னைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து அல்ல. கொஞ்சம் தொய்வு விட்டு மேசைக் காலில் கட்டிவிடுங்கள். கேபிள் போனால் சில நூறு ரூபாய். கன்சோலின் எச்டிஎம்ஐ துளை ஆடிப்போனால் போர்டைக் கழற்றி சால்டர் வைக்க வேண்டும். செலவு அங்கேதான்.

கடைக்குப் போகும் முன் கன்சோலின் பின்பக்கத்தையும் டிவியின் பின்பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். "நல்ல கேபிள்" என்று கேட்காமல் அந்த இரண்டு படங்களைக் காட்டிக் கேளுங்கள்.