ஸ்கீ லாகருக்குப் போகும் பிள்ளைக்கு ஹெல்மெட்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

குளிர்காலம் வந்தால் சுவிஸ் பாடசாலைகளிலிருந்து ஸ்கீ லாகர் எனும் பனிச்சறுக்கு முகாமுக்கான பொருட்பட்டியல் வீட்டுக்கு வந்துவிடும். பனியில் வளராத பெற்றோருக்கு அந்தப் பட்டியலில் உள்ள எல்லாமே புதிது. சப்பாத்தையும் பலகையையும் வாடகைக் கடையில் அளவெடுத்துத் தருவார்கள். ஹெல்மெட்டைத்தான் பெரும்பாலும் நாமே தட்டிலிருந்து எடுத்துத் தலையில் வைத்து, "சரியா இருக்கா?" "ஓம்" என்று முடித்துவிடுகிறோம். தலையில் ஆடுகிற ஹெல்மெட், விழும்போது நெற்றியை விட்டு விலகிவிடும். விலையைவிடப் பொருத்தமே முக்கியம்.

செய்ய வேண்டியவை

பிள்ளையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தையல் டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்து, காதுகளுக்கு மேலாக, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளவெடுங்கள். ஹெல்மெட்டில் 52–55 என்று இருப்பது அந்தச் சென்டிமீட்டர்தான். அளவு இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் முதலில் சின்னதைப் போட்டுப் பாருங்கள்.

பெண்பிள்ளைக்கு நீண்ட முடி இருந்தால், லாகரில் எப்படிக் கட்டப்போகிறாளோ அப்படியே கட்டிக்கொண்டு அளவு பாருங்கள். உச்சிக் கொண்டையும் மேலே தூக்கிக் கட்டிய குதிரைவாலும் ஹெல்மெட்டை முன்பக்கம் தள்ளிவிடும். கழுத்தோடு சேர்த்துத் தாழப் பின்னிய ஒற்றைப் பின்னலே நல்லது.

தாடைப் பட்டியைப் பூட்டும் முன்பே ஒரு சோதனை உண்டு. ஹெல்மெட்டை இரு கைகளாலும் பிடித்து மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நெற்றித் தோலும் புருவமும் அதோடு சேர்ந்து அசைந்தால் பிடிப்பு சரி. தோல் அசையாமல் ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் அது பெரிது. பிறகு பட்டியைப் பூட்டுங்கள். தாடைக்கும் பட்டிக்கும் நடுவே ஒரு விரல் போகலாம். பின்பக்க விளிம்பில் கைவைத்து மேலே தள்ளும்போது ஹெல்மெட் கண்ணை நோக்கி உருண்டு வந்தால் வேறு எடுங்கள்.

கடையில் பத்து நிமிடமாவது அதைப் போட்டபடி நடக்கவிடுங்கள். கழற்றிய பின் நெற்றியில் ஒரே இடத்தில் அழுத்திய சிவப்புத் தடம் தெரிந்தால் சைஸ் சரியாக இருந்தும் வடிவம் பொருந்தவில்லை. சில தலைகள் நீளவாக்கு, சில உருண்டை. வேறு கம்பனியின் ஹெல்மெட் பொருந்தக்கூடும்.

பனிக்கண்ணாடியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கண்ணாடிக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே நெற்றி தெரிந்தால் குளிர்காற்று அங்கேதான் அடிக்கும். ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே அழுத்தினால் மூக்கு அடைபடும்.

ஹெல்மெட்டின் உள்ளே ஈ.என். 1077 (EN 1077) என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

செய்யக்கூடாதவை

"வளருகிற பிள்ளைதானே" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். பின்னால் உள்ள திருகைக் கடைசிவரை இறுக்கினாலும் பெரிய ஹெல்மெட் சின்னதாகாது. செலவுதான் கவலை என்றால் பருவம் முழுவதற்கும் வாடகைக்கு எடுங்கள்.

உள்ளே தடித்த கம்பளித் தொப்பி போடவிடாதீர்கள். குளிருக்கு ஹெல்மெட்டின் காதுமூடி போதும்; போதாவிட்டால் மெல்லிய துணித் தொப்பி போடலாம், அதையும் போட்டே அளவு பார்க்க வேண்டும்.

சைக்கிள் ஹெல்மெட்டைக் கொடுத்து அனுப்பாதீர்கள். ஸ்கீ ஹெல்மெட்டைக் கூர்முனை துளைக்கிறதா என்றும் சோதிக்கிறார்கள். சைக்கிள் ஹெல்மெட்டுக்கு அந்தச் சோதனை கிடையாது.

யாரிடம் இருந்தது என்று தெரியாத பழையதை வாங்காதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் தெர்மோகோல் வகை நுரை. அடிபடும்போது தான் நசுங்கித் தலையைக் காப்பது அதன் வேலை. நசுங்கிய இடம் மறுபடி எழும்பாது. ஆனால் வெளி ஓடு பளபளவென்றே இருக்கும்.

நனைந்து வந்த ஹெல்மெட்டை ஹீட்டர் மேல் காயவைக்காதீர்கள். சூடு நுரையையும் பசையையும் கெடுக்கும்.

ஹெல்மெட் இருக்கிறதே என்று பிள்ளை வேகம் கூட்ட இடம் கொடுக்காதீர்கள். ஈ.என். 1077 முத்திரைக்கான மோதல் சோதனை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பது. மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகம். சரிவில் பிள்ளைகள் அதைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள்.

பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் வெறுந்தலையோடு ஸ்கீ பழகப் போகாதீர்கள். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவின் மொன் ட்ராம்ப்ளானில், புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சரிவில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்தார். முதலில் ஒன்றும் இல்லை என்று மருத்துவ உதவியை மறுத்தார். மண்டைக்குள் இரத்தம் கசிந்து இரண்டு நாளில் இறந்தார். இத்தாலியில் 2025 நவம்பர் முதல் சறுக்குத் தடங்களில் எல்லா வயதினருக்கும் ஹெல்மெட் கட்டாயம். சுவிஸில் அப்படிச் சட்டம் இல்லை என்பதைச் சாக்காக எடுக்க வேண்டாம்.

கடைசியாக, விலையைச் சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள். "கவனம், காசு போட்டு வாங்கினது" என்று கேட்டுப் போன பிள்ளை, அடிபட்டதை ஆசிரியரிடமும் சொல்லாது, வீட்டிலும் சொல்லாது. தலையில் அடி விழுந்தால், வலிக்காவிட்டாலும் அந்த நிமிடமே ஆசிரியரிடம் சொல்ல வேண்டும், ஹெல்மெட்டுக்காக யாரும் ஏசமாட்டோம், வேறு வாங்கித் தருவோம் என்று பஸ் ஏறும் முன்பே சொல்லி அனுப்புங்கள்.