கிண்ணத்தில் வேகும் முட்டை: உடல் தேறுவோருக்கு ஒரு ஜப்பானிய உணவு

காய்ச்சல், அறுவை சிகிச்சை, பக்கவாதம் ஆகியவற்றிலிருந்து மீண்டு வீடு திரும்பும் முதியவர்களுக்கு வீட்டார் முதலில் கொடுப்பது கஞ்சி. எளிதில் செரிக்கும், பல் இல்லாதவரும் விழுங்கலாம் என்பதால் அது நல்ல தொடக்கமே. ஆனால், அந்தக் கஞ்சியே வாரக்கணக்கில் மூன்று வேளை உணவாகத் தொடர்வதை எங்கள் முதியோர் மருத்துவப் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். நோய் நீங்கிய பின்னும் அவரால் நாற்காலியிலிருந்து கைதாங்கல் இன்றி எழ இயலாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படுக்கையில் கிடக்கும் நாள்களில் தொடைத் தசைகள் விரைவாக மெலிகின்றன. அவற்றை மீட்டெடுக்க நடைப்பயிற்சியும் புரதமும் சேர்ந்தே தேவை. நோயுற்ற முதியவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். 30 கிராம் அரிசியில் காய்ச்சிய ஒரு தம்ளர் கஞ்சியில் இருப்பது ஏறத்தாழ 2 கிராம் மட்டுமே. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு. முட்டை உண்டால் அறுவைப் புண்ணில் சீழ் பிடிக்கும் என்ற அச்சம் பல குடும்பங்களில் இருக்கிறது. அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. புண் ஆறுவதற்கும் புரதம் வேண்டும்.

அவித்த முட்டை தொண்டையில் அடைக்கிறது, ஆம்லெட் வறட்சியாக இருக்கிறது என்று சொல்வோருக்கு ஏற்ற உணவு ஒன்று ஜப்பானில் உள்ளது. அதன் பெயர் சவான்முஷி. 'சவான்' என்றால் கிண்ணம். 'முஷி' என்றால் ஆவியில் வேகவைத்தது. இனிப்பு சேராத, கரண்டியால் எடுத்து உண்ணும் மென்மையான முட்டைக்கூழ் இது. நாகசாகி நகரில் 1866இல் தொடங்கப்பட்ட ஓர் உணவகம் இன்றும் இதற்குப் பெயர் பெற்றது.

ஜப்பானியர் இதற்குப் பயன்படுத்தும் 'தாஷி' என்னும் தெளிந்த சாறு, கொம்பு என்ற கடற்பாசியிலும் புகையூட்டி உலர்த்திய சூரை மீனிலும் ஊறி வருவது. அந்த மீனுக்கு நெருங்கிய உறவுதான் நம் கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் புழங்கும் மாசி. கொம்புவின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்பதை 1908இல் கிக்குனே இக்கேடா என்ற வேதியியலாளர் கண்டறிந்தார். காளானிலும் பழுத்த தக்காளியிலும் அதே பொருள் உள்ளது. ஆகவே நாம் கோழிச் சாற்றையோ, காளானும் தக்காளியும் கொதிக்கவைத்து வடித்த நீரையோ பயன்படுத்தலாம். நாவில் சுவை குன்றிய நோயாளிக்கு, உப்பைக் கூட்டாமலே உணவில் விருப்பம் உண்டாக இச்சாறு உதவும்.

தேவையானவை (ஒருவருக்கு)

முட்டை 1; வடிகட்டி ஆறவைத்த சாறு 150 மி.லி., அதாவது முட்டையின் அளவைப்போல் மூன்று மடங்கு. உப்பு ஒரு சிட்டிகை.

செய்முறை

1. முட்டையை நுரை எழாதவாறு மெல்லக் கலக்கி, சாறும் உப்பும் சேர்க்கவும். சாறு சூடாக இருந்தால் முட்டை அப்போதே திரிந்துவிடும்.

2. தேநீர் வடிகட்டியில் வடித்துக் கிண்ணத்தில் ஊற்றவும். மேலே மிதக்கும் குமிழிகளைக் கரண்டியால் எடுத்துவிடவும்.

3. ஆவிநீர் சொட்டாமலிருக்கக் கிண்ணத்தைச் சிறு தட்டால் மூடி, நீர் கொதிக்கும் இட்லிப் பானையில் வைக்கவும்.

4. முதல் 2 நிமிடம் நல்ல தீயிலும், பின்னர் பானை மூடியைச் சற்றே திறந்து வைத்துச் சிறு தீயில் 10 முதல் 12 நிமிடமும் வேகவைக்கவும்.

5. மெல்லிய குச்சியால் நடுவில் குத்திப் பார்க்கவும். தெளிந்த நீர் வந்தால் வெந்துவிட்டது. கலங்கலாக வந்தால் மேலும் 2 நிமிடம் வைக்கவும்.

சிறு தீ ஏன்? சாறு கலந்த முட்டை ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் இறுகுகிறது. புரத இழைகள் வலைபோல் பின்னி, இடையே நீரைப் பிடித்துவைக்கின்றன. வெப்பம் மிகுந்தால் அவ்வலை சுருங்கி நீரை வெளியேற்றும். கூழில் தேன்கூடு போன்ற துளைகள் விழுந்து உணவு கரகரப்பாகும். உப்பு அறவே இல்லாத வெறும் நீரில் முட்டை சரிவர இறுகாது. சாற்றிலுள்ள தாது உப்புகளும் இறுகுவதற்குத் துணைபுரிகின்றன.

கவனிக்க வேண்டியவை

ஜப்பானில் இதனுள் இறால், கோழித்துண்டு, காளான் ஆகியவற்றை இடுவர். பல் இல்லாதவருக்கும் விழுங்கச் சிரமப்படுபவருக்கும் துண்டுகள் ஏதும் சேர்க்க வேண்டா.

பக்கவாதத்திற்குப் பின் தண்ணீர் குடிக்கும்போது புரையேறுபவருக்கு இதனை எங்கள் விழுங்குதல் பயிற்சியாளரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. பார்வைக்குக் கெட்டியாகத் தோன்றினாலும், கரண்டி பட்டவுடன் கூழிலிருந்து சாறு கசியும். அது மூச்சுக்குழாயில் இறங்கக்கூடும். அனுமதி பெற்றவரும் நிமிர்ந்து அமர்ந்து, சிறு கரண்டியளவாக உண்ண வேண்டும். உண்டபின் அரைமணி நேரம் படுக்கலாகாது.

சிறுநீரக நோயாளிகள் எவ்வளவு புரதம் உண்ணலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். டயாலிசிஸ் செய்பவருக்கும் செய்யாதவருக்கும் அந்த அளவு வேறுபடும். இரத்த அழுத்தம் உள்ளோர் சோயா சாஸ், மாசி, கடைச் சாற்றுக்கட்டி ஆகியவற்றைத் தவிர்ப்பது நலம். அவற்றில் உப்பு மிகுதி. தைராய்டு நோயாளிகளுக்குக் கொம்பு ஏற்றதன்று. அதில் அயோடின் மிக அதிகம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் இதனை உண்ணலாகாது.

மேற்பரப்பு ஆறியிருந்தாலும் கிண்ணத்தின் நடுப்பகுதி கொதிக்கும் சூட்டில் இருக்கும். ஊட்டுபவர் சோதித்த பின்னரே கொடுக்க வேண்டும். அவ்வப்போது செய்து அவ்வப்போதே உண்பது நல்லது.

ஒரு கிண்ணம் சவான்முஷி மட்டும் ஒரு நாளின் புரதத் தேவையை நிறைவு செய்யாது. கஞ்சியுடன் இதனையும், பிற வேளைகளில் பருப்பு, தயிர், மீன் ஆகியவற்றையும் சேர்த்துத் தாருங்கள். நோயாளி எதை, எவ்வளவு உண்டார் என்பதை ஒரு வாரம் குறித்து வைத்து, அடுத்த முறை வரும்போது அக்குறிப்பேட்டைக் கொண்டுவாருங்கள். அதனைக் கொண்டு அவருக்கு ஏற்ற உணவு அளவை உங்களோடு அமர்ந்து வகுத்துத் தருவோம்.