ஒரே லேப்டாப், இரண்டு இயங்குதளங்கள்

புது லேப்டாப்பில் விண்டோஸ் 11-ஐ நீக்காமலேயே உபுண்டுவையும் நிறுவலாம். ஆனால், டிஸ்க்கில் கைவைக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

பல புது லேப்டாப்களில் டிஸ்க், பிட்லாக்கர் முறையில் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பூட் அமைப்பைத் தொட்டதும் நீலத்திரை தோன்றி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். பெரும்பாலும் அது உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முதலிலேயே தாளில் எழுதிவைப்பது அவசியம். அந்த எண் கிடைக்காவிட்டால் கோப்புகளை மறந்துவிட வேண்டியதுதான். பிட்லாக்கரை அணைத்தால்தான் நிறுவ முடியும் என்று உபுண்டுவே சொல்வதும் உண்டு.

அடுத்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாக சி டிரைவைச் சுருக்க வேண்டும். உபுண்டுவுக்கு 25 ஜிபி போதும் என்றாலும், தாராளமாகப் புழங்க 60 ஜிபி ஒதுக்குவது நல்லது. செக்யூர் பூட் அப்படியே இருக்கலாம்.

உபுண்டு ஏற்றிய பென்டிரைவிலிருந்து நிறுவும்போது, டிஸ்க் முழுவதையும் அழிக்கும் தேர்வும் திரையில் இருக்கும். நிதானமாகப் படித்து, விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் தேர்வையே அழுத்த வேண்டும்.

உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கலாம். இது பழுதல்ல. லேப்டாப்பின் உள்கடிகாரத்தில் உபுண்டு வைப்பது சர்வதேச நேரம். விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. உபுண்டுவின் டெர்மினலில் ஒரே கட்டளையில் இதைச் சரிசெய்துவிடலாம்.